வேண்டும் மனு, வேண்டாம் மனு

என் பிறப்புச் சான்றிதழில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்று இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. ஐந்தாம் வகுப்பு படிக்கையில், 2001 ஜனவரி 1 அன்று, அரியலூர் மாவட்டத்துக்குப் போனது. அடுத்த வருஷம், 2002 மார்ச் 31 அன்று, மறுபடியும் பெரம்பலூர். பன்னிரண்டாம் வகுப்பில், 2007 நவம்பர் 23 அன்று, திரும்பவும் அரியலூர். இத்தனைக்கும் நாங்கள் வீடு மாறவே இல்லை. செந்துறைப் பக்கம் அதே ஓட்டு வீடு, அதே முந்திரித் தோப்பு. எங்கள் ஆயா மட்டும் கடைசிவரை திருச்சி ஜில்லாவிலேயே வாழ்ந்து செத்தது. "அவனுங்க பேரை மாத்திக்கிட்டே இருப்பானுங்க, நமக்கென்ன" என்று சொல்லும்.

ஆயாவுக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அப்பாவுக்கு இருந்தது. கலெக்டர் ஆபீசுக்கு ஒரு பஸ்ஸில் போகலாமா, இரண்டு பஸ் மாற வேண்டுமா, அன்றைய கூலி போகுமா போகாதா என்பதெல்லாம் அந்தப் பெயரில்தான் இருந்தது. கருணாநிதி ஆட்சியில் வந்த மாவட்டம் ஜெயலலிதா ஆட்சியில் போனது, கருணாநிதி ஆட்சியில் திரும்பி வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் சும்மா இருக்க, அரசுதான் கிட்டே வந்தும் தள்ளிப் போயும் விளையாடிக்கொண்டிருந்தது.

நான் திருச்சியில் அரசியல் அறிவியல் படித்தேன். முதல் வருஷம் ஒரு பேராசிரியர் கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டார். இடது பக்கம் போகப்போக அரசு பெருக்கும், வலது பக்கம் போகப்போகச் சுருங்கும் என்றார். வலது கோடியில் காவல்காரன் மாதிரியான அரசு: திருடனைப் பிடி, எல்லையைக் காப்பாற்று, ஒப்பந்தத்தை மீறினால் வழக்கை விசாரி, மற்றதை மக்களிடம் விடு. ஜான் லாக்கைக் கேட்டால் உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் காப்பதற்காகத்தான் மனிதர்கள் அரசையே உண்டாக்கினார்கள் என்பார். ஆடம் ஸ்மித் பாதுகாப்பு, நீதி இவற்றோடு, தனியாருக்குக் கட்டுப்படியாகாத பொதுப்பணிகளையும் சேர்த்துக்கொள்வார். நடுவில் நலத்திட்ட அரசு. இடது கோடியில் ஆலையும் நிலமும் அரசின் கையில். அதற்கும் அப்பால், ஒருநாள் அரசே தேவையில்லாமல் உதிர்ந்துபோகும் என்ற மார்க்சியக் கனவு. நோட்டில் அழகாக எழுதி, பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கினேன்.

இப்போது செந்துறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன். ஆனால் கடையில் அதிகமாக நடப்பது மனு எழுதுவதுதான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் ஞாயிறு சாயங்காலம் கூட்டம் இருக்கும். பத்து வருஷத்தில் எத்தனை மனு அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. எல்லாவற்றையும் இரண்டு குவியலாகப் பிரித்துவிடலாம். ஒன்று, வேண்டும் மனு: ரேஷன் கார்டு வேண்டும், முதியோர் உதவித்தொகை வேண்டும், ரோடு வேண்டும், பஸ் வேண்டும். இன்னொன்று, வேண்டாம் மனு: எங்கள் ஊருக்குள் டாஸ்மாக் வேண்டாம், இந்தப் பக்கம் சுரங்கம் வேண்டாம், சுண்ணாம்புக்கல் லாரி பள்ளிக்கூட நேரத்தில் வர வேண்டாம், நிலத்தை எடுக்க வேண்டாம்.

பேராசிரியரின் கோட்டின்படி முதல் குவியல் இடதுசாரி, இரண்டாவது குவியல் வலதுசாரி. ஆனால் இரண்டையும் கொண்டுவருவது ஒரே ஆள். சில சமயம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில்.

இதைக் குழப்பம் என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படியானால் தமிழ்நாட்டு அரசியலே குழப்பம்தான். ராஜாஜி 1952இல் முதலமைச்சரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியவர். 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கி, நேருவின் ஆட்சியை பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று சாடியவர். அரசு ஒதுங்கி நின்றால் போதும் என்பது அவர் கட்சி. 1967 தேர்தலில் அவர் யாரோடு நின்றார்? ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருகிறோம் என்ற தி.மு.க.வோடு. அதே பக்கத்தில் மார்க்சிஸ்டுகளும் இருந்தார்கள். அரசு அரிசி தரவேண்டும் என்றவர்களும், அரிசிக் கடையிலிருந்து அரசு வெளியேற வேண்டும் என்றவரும், ஆலையையே அரசு எடுக்க வேண்டும் என்றவர்களும் சேர்ந்துதான் காங்கிரஸைத் தோற்கடித்தார்கள். அண்ணா ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி என்று சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். தேர்தல் கணக்குதான், தெரியும். ஆனால் அந்த மூவரும் ஒப்புக்கொண்ட ஒரு விஷயம் இருந்தது. எதிரில் இருக்கும் அரசு யார் சொன்னாலும் கேட்காத இடத்துக்குப் போய்விட்டது என்பது. அரசு பெரிதா சிறிதா என்பதற்கு முன்னால் வருகிற கேள்வி அது.

மனுக்களை அந்தக் கேள்வியை வைத்துப் படித்தால் குழப்பம் குறைகிறது.

அம்மா பிறந்த ஊர் செட்டிகுளம் பக்கம். அது பெரம்பலூர் மாவட்டத்திலேயே தங்கிவிட்டது. சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மண். மாமா மூன்று ஏக்கர் போடுகிறார். விலை இல்லாதபோது வயலிலேயே பட்டறை போட்டு வைப்பார்கள். காற்றோட்டமாக மூங்கில் தட்டி கட்டி, மேலே கீற்று வேய்ந்து, மழை படாமல் காத்து, விலை வரும்வரை காத்திருப்பது. திருகல் நோய் வந்தால் பட்டறைக்கு வேலையே இல்லை.

வெங்காய விலை ஏறினால் டெல்லி பதறும். வெங்காயத்தால் ஆட்சி போகும் என்ற பயம் அங்கே பழையது. 2019 செப்டம்பர், 2020 செப்டம்பர், 2023 டிசம்பர் என்று ஐந்து வருஷத்துக்குள் மூன்று முறை ஏற்றுமதித் தடை போட்டார்கள். மகாராஷ்டிரத்துப் பெரிய வெங்காயத்தை மனதில் வைத்துப் போட்ட தடையில், இலங்கைக்கும் மலேசியாவுக்கும் போகிற எங்கள் சின்ன வெங்காயமும் மாட்டிக்கொண்டது. சாம்பாருக்கு வாங்குகிறவருக்கு அது நிம்மதி. பட்டறையில் வைத்திருப்பவருக்கு அடி. இரண்டு பேரும் வாக்காளர்கள்தான், வாங்குகிறவர் எண்ணிக்கை அதிகம்.

மாமாவுக்கு நான் அடித்துக் கொடுத்த மனுவில் இரண்டு கோரிக்கை இருந்தது. ஏற்றுமதித் தடையை நீக்க வேண்டும். விலை விழுந்தால் அரசே கொள்முதல் செய்ய வேண்டும். டைப் செய்யும்போது சொன்னேன், "மாமா, முதல் கோரிக்கை முதலாளித்துவம், ரெண்டாவது சோசலிசம்." மாமா சிரிக்கவில்லை. "விலை ஏறும்போது மட்டும் கை வைக்கிறவன், இறங்கும்போதும் கை குடுக்கணும்ல பாப்பா. இல்லன்னா ரெண்டு நேரமும் சும்மா இருக்கட்டும். நஷ்டம் மட்டும் எனக்குன்னா எப்படி?"

சந்தை ஆதரவாளர் முதல் பாதியைப் பாராட்டுவார், இடதுசாரி இரண்டாம் பாதியை. மாமா சொன்னது முழுசாக ஒரே வாதம். தலையிடுகிற உரிமையை எடுத்துக்கொண்டால் நஷ்டத்தில் பங்கையும் எடுத்துக்கொள் என்கிறார். அரசின் அளவைப் பற்றி அவருக்குக் கருத்தே இல்லை. கணக்கு நேராக இருக்கிறதா என்பதுதான் அவர் கவலை.

செட்டிகுளத்தில் அரசு தடை போடுகிறவராக வருகிறது என்றால், அரியலூரில் கடைக்காரராகவே வந்திருக்கிறது. மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் எங்களைச் சுற்றி சிமெண்ட் ஆலைகள். பெரும்பாலும் தனியார். நடுவில் ஒன்று மட்டும் தமிழ்நாடு அரசுடையது. டான்செம் நிறுவனத்தின் ஆலை, 1979இலிருந்து ஓடுகிறது. அரசுக்கு சிமெண்ட் செய்வது ஏன் வேலையாக இருக்க வேண்டும்? ஸ்மித்தின் பட்டியலில் அது இல்லை. போட்டி இருந்தால் விலை தானாக இறங்கும் என்பது பாடம். ஆனால் 2012இல் இந்தியப் போட்டி ஆணையம் 11 சிமெண்ட் நிறுவனங்களுக்கு, கூட்டுச் சேர்ந்து விலையை நிர்ணயித்ததாகச் சொல்லி 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மறுத்து மேல்முறையீட்டுக்குப் போயின. போட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்கே ஓர் அரசு அமைப்பு தேவைப்படுகிறது என்பது மட்டும் தெரிகிறது.

2014இல் அம்மா சிமெண்ட் அறிவித்தார்கள். மூட்டை 190 ரூபாய். டான்செம் தனியார் ஆலைகளிடம் வாங்கி, 1500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர்களுக்குக் கொடுத்தது. 2021இல் ஆட்சி மாறியதும் டான்செம் வலிமை என்ற பெயரில் சிமெண்ட் விட்டது. பெயரும் படமும் மாறின, கடைக்காரர் மாறவில்லை. தாராளவாதம் பேசுகிற நண்பர் ஒருவர் இதை வரிப்பண வீண்செலவு என்பார். என் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் அம்மா சிமெண்டில்தான் தளம் போட்டார். அவருக்கு அது வீண் இல்லை. ஆனால் அதே அண்ணன்தான் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எதிராக ஊர்ப் பேரில் மனு கொடுத்தவர்களில் முதல் கையெழுத்து. சிமெண்ட் வேண்டும், லாரி காலை எட்டரை மணிக்கு வேண்டாம். இதிலும் எனக்கு முரண் தெரியவில்லை. தன் தெருவில் என்ன நடக்கிறது என்பதில் தனக்கும் ஒரு சொல் வேண்டும் என்கிறார்.

அந்தச் சொல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜெயங்கொண்டம் போக வேண்டும். 1990களின் பிற்பகுதியில் பழுப்பு நிலக்கரி எடுத்து மின்சாரம் தயாரிக்கப் போவதாகச் சொல்லி, டிட்கோ மூலம் சுற்றுவட்டார கிராமங்களில் 8,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்தார்கள். அப்போது இருந்தது 1894ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம். பொதுநோக்கம் என்று அரசு சொன்னால் பொதுநோக்கம். இழப்பீட்டு வழக்குகள் ஆண்டுக்கணக்காக நடந்தன. சுரங்கம் வரவில்லை. மின்நிலையம் வரவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, திட்டம் கைவிடப்பட்டது, நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தருகிறோம் என்று அரசு அறிவித்தது.

நிலம் எடுத்தபோது நாற்பது வயதாக இருந்தவருக்கு இப்போது அறுபத்தைந்து. நடுவில் அந்த நிலத்தை அடமானம் வைக்க முடியாது, நம்பி போர் போட முடியாது, பெண்ணுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. கையில் இருந்தும் இல்லாத நிலம். சொத்தைக் காப்பதற்குத்தான் அரசு என்ற லாக், வளர்ச்சிக்கு அரசுதான் முன்னே நிற்க வேண்டும் என்ற நேரு, இரண்டு பேருடைய அரசும் ஒரே விவசாயியிடம் ஒரே சமயத்தில் தோற்றுப்போன இடம் அது. வளர்ச்சியும் வரவில்லை, சொத்தும் காக்கப்படவில்லை.

பெரம்பலூர் பக்கம் திருமாந்துறையைச் சுற்றி சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று வாங்கிய நிலமும் வருஷக்கணக்கில் கருவேலம் முளைத்துக் கிடந்தது. இங்கே அரசு நிலத்தை எடுத்தது தனியாருக்காக. அரசு சுருங்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் அதிகம் பேச மாட்டார்கள். சந்தைக்கு வழிவிடுகிறேன் என்று சொல்கிற அரசு, சந்தைக்கு நிலம் பிடித்துக் கொடுக்கும்போது மிகப் பெரிய அரசாகத்தான் இருக்கிறது. 2013இல் புதிய நிலம் எடுப்புச் சட்டம் வந்தது. தனியார் நிறுவனத்துக்கு என்றால் 80 சதவீதம் பேர், அரசு-தனியார் கூட்டுக்கு என்றால் 70 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு தன்னுடைய 1997ஆம் ஆண்டு தொழில் நோக்க நிலம் எடுப்புச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை வந்த வழியிலேயே திரும்பிப் போனது.

எறையூரில் 2022இல் காலணித் தொழிற்பூங்கா தொடங்கியபோது இன்னொரு வகை மனு வந்தது. வேலை வேண்டும். பிளஸ் டூ முடித்த பெண்கள் பயோடேட்டா அடிக்க என் கடைக்கு வந்தார்கள். அவர்களிடம் போய் அரசு தொழில் பூங்கா அமைப்பது சரியா தவறா என்று கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் கேட்டது பஸ் எத்தனை மணிக்கு, ராத்திரி ஷிப்ட் உண்டா என்பதை.

வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் ஒரே குரலில் சொன்ன பெண் ஒருத்தி எங்கள் தாலுகாவில் இருந்தாள். குழுமூர் அனிதா. பிளஸ் டூவில் 1200க்கு 1176. அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். 2017இல் நீட் வந்தது. தமிழ்நாடு பத்து வருஷத்துக்கு முன்பே நுழைவுத் தேர்வை ஒழித்து, பிளஸ் டூ மதிப்பெண்ணையே போதும் என்று வைத்திருந்தது. அந்த விதியை நம்பிப் படித்தவளுக்கு விதி நடுவில் மாறியது. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் தன்னையும் வழக்கில் சேர்த்துக்கொண்டாள். ஆகஸ்ட் 22 அன்று நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்றானது. செப்டம்பர் 1 அன்று அவள் உயிரோடு இல்லை.

இதில் இரண்டு அரசியல் மோதுகின்றன. ஒன்று சொல்கிறது: அரசு நடுவர் மாதிரி இருக்கட்டும், எல்லோருக்கும் ஒரே தேர்வு, ஜெயித்தவர் உள்ளே. இன்னொன்று சொல்கிறது: ஓடத் தொடங்கும் இடமே வேறுவேறு என்னும்போது, கடைசிக் கோட்டில் மட்டும் நின்று பார்க்கிற நடுவர் நடுவரே இல்லை. நான் இரண்டாவது பக்கம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் பக்கத்தில் இருப்பவர் கேட்கிற ஒரு கேள்வி நியாயமானது. அரசுப் பள்ளியை இத்தனை வருஷம் நடத்தியது யார்? பிறகு 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் இட ஒதுக்கீடு வந்தது. 2022இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்தது. அங்கே ஓர் அரங்கத்துக்கு அனிதா பெயர். அவள் கேட்டதெல்லாம் அவள் போன பிறகு அரசாணையாக வந்து சேர்ந்தன. மனு தாமதமாகப் பரிசீலிக்கப்பட்டது என்று கோப்பில் எழுதலாம்.

மனுவே எழுத மாட்டேன் என்றவர்களும் எங்கள் பக்கம் இருந்தார்கள். அரியலூருக்கு அருகே மருதையாற்றின் மேல் ரயில் பாலம். 1956 நவம்பர் 23 அன்று, மழை வெள்ளத்தில் அந்தப் பக்கம் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதற்கு முன்பு மகபூப்நகர் விபத்தின்போதும் விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றார். சாஸ்திரி தண்டவாளத்தைப் பெயர்க்கவில்லை, மழையைக் கொண்டுவரவும் இல்லை. ஆனாலும் அரசு என்றால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

முப்பது வருஷம் கழித்து, 1987 மார்ச்சில், அதே மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வைத்தார்கள். தமிழ்நாடு விடுதலைப்படை என்ற பெயரில் இயங்கியவர்கள். இந்த அரசிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை, இதை உடைப்பதுதான் வழி என்பது அவர்கள் கொள்கை. செத்தது அரசு இல்லை, ராக்போர்ட் எக்ஸ்பிரஸில் தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள். அதே வருஷம் செப்டம்பர் 1 அன்று, அந்த இயக்கத்தின் தமிழரசன் எங்கள் பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளையின்போது பொதுமக்களாலேயே அடித்துக் கொல்லப்பட்டார். யாருக்காகப் போராடுவதாகச் சொன்னாரோ அந்த ஜனங்கள். அப்பா அந்தச் சம்பவத்தைப் பற்றி நீளமாகப் பேச மாட்டார். "யாரும் யாரையும் கேக்கல" என்பார். அவ்வளவுதான்.

அப்பா சொன்னதை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். காவல்கார அரசோ, கடைக்கார அரசோ, அப்பன் மாதிரி பார்த்துக்கொள்கிற அரசோ, அரசை உடைத்துப் புதிதாகச் செய்கிறேன் என்கிற படையோ, எதிரே இருப்பவரைக் கேட்காத இடத்தில் எல்லாம் ஒன்றுதான். கரும்பலகையில் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே இன்னொரு கோடு போட்டிருக்கலாம். மேலே கேட்கிற அரசு, கீழே கேட்காத அரசு. பெரிய அரசு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். சிறிய அரசும் அப்படித்தான். கொள்கைகள் முதல் கோட்டில்தான் சண்டை போடுகின்றன. மனுக்கள் இரண்டாவது கோட்டிலிருந்து வருகின்றன.

இதைச் சொல்வதால் முதல் கோடு பொய் என்று ஆகிவிடாது. ரேஷன் அரிசி எல்லோருக்குமா, ஏழைகளுக்கு மட்டுமா என்பது நிஜமான சண்டை. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்து ரேஷனைப் பிரித்தபோது, தமிழ்நாடு எல்லோருக்கும் என்பதை விடவில்லை. யார் ஏழை என்று சான்றிதழ் கொடுக்கிற அதிகாரத்தை ஒருவர் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்குத் தெரியும். அந்தச் சான்றிதழுக்குத் தேவையான நகல்கள் எல்லாம் என் மெஷினில்தான் எடுக்கிறார்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ் பையைத் திறந்து பார்க்கிறது. மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று. 2017இல் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்த பிறகு மாநிலம் முழுக்க இந்தச் சோதனை. உள்ளே போனால் மனுவுக்கு ஒரு எண் தருகிறார்கள். மனு மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் எந்த மேசையைப் பற்றிய புகாரோ அந்த மேசைக்கே விசாரணைக்கு வருவதும் உண்டு.

ஆரம்பத்தில் நான் எல்லா மனுவிலும் பழைய பாணியில் "தாங்கள் கருணை கூர்ந்து" என்று அடிப்பேன். கேட்பது பிச்சை இல்லையே என்று தோன்றி, சில வருஷமாக அதை எடுத்துவிட்டு "சட்டப்படி நடவடிக்கை எடுக்குமாறு" என்று போடுகிறேன். போன மாதம் ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகைக்கு வந்தது. நின்றுபோய் ஏழு மாசமாம். அடித்து முடித்துப் படித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தியது.

"கருணைன்னு ஒண்ணு போடுவியே கண்ணு, அது எங்க?"

"சட்டம்னு போட்டிருக்கேன் பாட்டி. இது உங்க உரிமை. கெஞ்ச வேண்டியதில்ல."

பாட்டி கொஞ்சம் யோசித்தது. "சட்டமும் இருக்கட்டும். அதையும் போடு. சட்டத்துக்கு மட்டும் அசையிறவங்களா இருந்தா ஏழு மாசம் ஆயிருக்குமா?"

இரண்டையும் போட்டு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டது.